பென்சிலைக் காட்டிக்கொடுத்த மெஷின்

என் கன்னத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது புதுச்சேரியில் ஒரு கடையின் பின்கட்டில். நல்ல பகல் வேளை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு அறையை இருட்டாக்கியிருந்தார்கள்.

மேஜை மேல் ஒரு மெஷின். அதன் தலையில் விளக்கு. விளக்குக்கும் லென்சுக்கும் நடுவே என்னுடைய பழைய கண்ணாடி நெகட்டிவ். கீழே வெள்ளைப் பலகையில் என் முகம் முறத்தளவு பெரிதாக விழுந்திருந்தது.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளைப் பூ கரித்துண்டு மாதிரி இருக்கும். கறுத்த முகம் வெளிச்சமாக விழும். ஆகவே அந்தப் பலகையில் இருந்ததிலேயே பளிச்சென்று இருந்தது நான்தான். அந்தப் பளிச்சின் மேல் நெற்றி, மூக்குத்தண்டு, இரண்டு கன்னம், மோவாய் எங்கும் பொடிப்பொடியாகக் கறுப்புக் கோடுகள். எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது மாதிரி இருந்தது.

"மத்மசேல், இந்த மெஷின் உங்களுக்கு வேணாம்" என்றார் கடைக்காரர். "இது எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும்."

"அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

என்லார்ஜர் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. சின்ன நெகட்டிவைப் பெரிய படமாக்கும் மெஷின், அவ்வளவுதான். மேலே விளக்கு, நடுவே நெகட்டிவ், கீழே பலகை. பலகையில் தாளை வைத்தால் படம் பதியும். வில்லியனூரில் எங்கள் ஸ்டூடியோவுக்கு அப்படி ஒன்று வாங்கத்தான் நானும் என் அண்ணன் பரசுராமனும் அன்று டவுனுக்குப் போயிருந்தோம். போகும்போது ஒற்றுமையாகத்தான் போனோம்.

நிறம் என்றால் எந்த நிறம்

பலகையில் கிடந்த அந்த முகத்தின் கதையைச் சொல்லாமல் மெஷின் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் அப்போது சைகோன் மாப்பிள்ளைகளுக்குக் கிராக்கி அதிகம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் அது. இங்கிருந்து போனவர்கள் பட்டாளத்திலும் ஆபீசிலும் வேலை பார்த்தார்கள். கல்யாணத்துக்குத்தான் கப்பல் ஏறி வருவார்கள். பெண் பார்ப்பதெல்லாம் போட்டோவில்தான். இங்கிருந்து படம் போகும். படம் பிடித்திருந்தால் ஆள் வருவார்.

உலகச் சண்டைக்கு முந்தி என் படமும் அப்படித்தான் போயிற்று. என் அண்ணன் அப்போது டவுனில் பெரிய ஸ்டூடியோ ஒன்றில் வேலையாக இருந்தான். படமும் அங்கேதான் எடுத்தது.

நான் கறுப்பு. மாநிறம், கருஞ்சிவப்பு என்றெல்லாம் யாரும் பூசி மெழுக வேண்டாம். நல்ல கறுப்பு. சைகோனுக்குப் போன படத்தில் இருந்தவள் அப்படி இல்லை. அவள் முகத்தில் பால் வடிந்தது.

மாப்பிள்ளை ஒரு சொல்தா. பட்டாளத்துக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பூட்சுக் காலோடு வந்து பாயில் உட்கார்ந்தார். நான் தாம்பாளத்தோடு போய் நின்றேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"இது இவங்க இல்லியே. இவங்க தங்கச்சிங்களா?" என்று கேட்டார்.

எனக்குத் தங்கையும் கிடையாது, அக்காவும் கிடையாது. அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார். அதுதான் எனக்கு இன்று வரைக்கும் ஆறவில்லை.

அதன் பிறகு நடந்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அவர் கப்பல் ஏறினார். ஊரில் ஒருத்தராவது படத்தைக் குற்றம் சொல்ல வேண்டுமே. "பொண்ணு நெறம் பத்தல" என்றார்கள். படம் பொய், நான் நிஜம், குற்றம் மட்டும் என்மேல். அப்புறம் வந்த சம்பந்தமெல்லாம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வரும். வந்த வழியே போகும்.

"நிறமா இருக்காளா?" என்று கேட்கிறார்களே, அந்தச் சொல்லைப் பாருங்கள். நிறம் என்றாலே சிவப்புத்தோல் என்று யார் எழுதி வைத்தது? அப்போது எனக்கு இருப்பது என்ன, நிறம் இல்லையா? நான் என்ன கண்ணாடித் தம்ளரா? இதை அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. அப்புறம் கேட்காத நாளில்லை.

இரண்டு மெஷின்

சண்டை முடிந்து, எங்கள் தெருவுக்குக் கரண்டு கம்பியும் வந்தது. அண்ணன் அதற்குள் டவுன் வேலையை விட்டுவிட்டு வில்லியனூரிலேயே ஸ்டூடியோ போட்டிருந்தான். படம் எடுப்பது அவன். இருட்டறை என்னுடையது. இருட்டறைக்கு முகம் எப்படி இருந்தால் என்ன என்று ஊர் நினைத்தது. எனக்கும் அந்த அறை பிடித்துத்தான் இருந்தது.

அதுவரை நெகட்டிவ் பதிந்த கண்ணாடி பிளேட் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவுதான். தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்து எடுப்போம். இப்போது எல்லோருக்கும் சுவரில் மாட்டுகிற மாதிரி பெரிய படம் வேண்டியிருந்தது.

கூடவே ஒரு புதுத் தாளும் கப்பலில் வந்திருந்தது. பழைய தாளில் மெதுவாகப் பதிவது ஒரு பெட்டி, நடுத்தரம் ஒரு பெட்டி, அழுத்தமாகப் பதிவது ஒரு பெட்டி என்று தனித்தனியாக வாங்க வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் ஒரு பெட்டி தீர்வதற்குள் மற்றது பூசணம் பிடித்துவிடும். புதுத் தாளில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே தாள். மெஷினில் மஞ்சள் கண்ணாடியைப் போட்டால் மெதுவாகப் பதியும். நீலக் கண்ணாடியைப் போட்டால் அழுத்தமாகப் பதியும்.

கடைக்காரர் இதைச் சொன்னபோது எனக்குக் காது நிமிர்ந்தது. கறுத்த முகத்தையும் வெள்ளைப் புடவையையும் ஒரே படத்தில் கொண்டுவருவது எப்பேர்ப்பட்ட வம்பு என்று இருட்டறையில் இருந்தவளுக்குத்தான் தெரியும். புடவைக்குப் பார்த்தால் முகம் கரிக்கட்டி ஆகும். முகத்துக்குப் பார்த்தால் புடவை சுண்ணாம்பாகும். அதனால்தான் ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலைத் தீட்டுவார்கள். பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும். ஜனங்களும் அதைத்தான் கேட்டு வாங்கினார்கள்.

கடையில் இரண்டு மெஷின் இருந்தது. ஒன்றில் விளக்குக்குக் கீழே பால் கண்ணாடி. வெளிச்சம் பஞ்சு மாதிரி பரவி விழும். இன்னொன்று கண்டென்சர் மெஷின். அதில் கனத்த லென்சு இரண்டு கவிழ்ந்து இருக்கும். வெளிச்சத்தை ஒருமிக்கப் பிடித்து நேரே இறக்கும்.

"ஸ்டூடியோ வச்சிருக்கறவங்க எல்லாரும் பால் கண்ணாடிதான் எடுக்கறாங்க" என்றார் கடைக்காரர். வெள்ளைக் கோட்டு, கால்சராய், வாயில் பாதி பிரெஞ்சு. ஊரில் அவரை முசே என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பதை நெருங்கியும் கல்யாணமாகாத என்னை மரியாதையாக 'மத்மசேல்' என்று கூப்பிட்டவர் அவர் ஒருத்தர்தான். "பென்சில் வேலை பண்ணது வெளிய தெரியாது. கஸ்டமருக்கு சந்தோஷம். உங்களுக்கும் சந்தோஷம்."

"பாத்தியா ரங்கா, அதையே எடுத்துக்கலாம்" என்றான் அண்ணன்.

நான் பையிலிருந்து என் பிளேட்டை எடுத்தேன். சைகோனுக்குப் போன படத்தின் பிளேட். அண்ணன் வேலையை விட்டபோது கூடவே எடுத்து வந்து ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். அன்று காலையில் நான் அதை எடுப்பதைப் பார்த்து, "வேற பிளேட்டு எடுத்துக்கயேன், அத இன்னாத்துக்கு இழுக்கற" என்றான். இதைவிடக் கஷ்டமான முகம் நம்மிடம் வேறு இல்லை, இதில் தேறினால் எதிலும் தேறும் என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டேன். அதுவரைக்கும் அந்தப் பிளேட்டைச் சுற்றியிருந்த உறையை நான் பிரித்ததே இல்லை.

பால் கண்ணாடி மெஷினில் வைத்தார். வழவழவென்று ஒரு முகம். எங்கேயும் ஒரு கோடு இல்லை.

கண்டென்சர் மெஷினில் வைத்தார். எறும்புப் புற்று கலைந்தது.

யார் கை

பென்சில் வேலை செய்பவர்களின் கை ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்தர் புள்ளி வைப்பார். ஒருத்தர் வலை மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழுப்பார். என் அண்ணனுடையது கமா. இங்கிலீஷில் எழுதும்போது போடுவார்களே, வாலுள்ள புள்ளி, அதேதான். வால் எப்போதும் இடது பக்கம் வளையும். அவன் நெகட்டிவ்களை வருஷக்கணக்காக ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள் நான்.

டவுன் ஸ்டூடியோவில் பென்சில் வேலைக்கென்றே வயதான ஒருத்தர் இருந்தார். என் முகத்தில் கை வைத்தது அவர்தான் என்று அத்தனை காலமும் நினைத்திருந்தேன். மனசுக்குள் அவரைத் திட்டாத திட்டு கிடையாது.

பலகையில் என் கன்னம் நிறையக் கமா. எல்லாவற்றுக்கும் வால் இடது பக்கம்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீயா?" என்றேன்.

"நல்லதுக்குத்தான் பண்ணேன் ரங்கா. உன்ன எவனும் வேணாம்னு சொல்லிடக் கூடாதுன்னு..." என்றான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் அவன் கெட்டவனாக இருந்திருந்தால் தேவலை போல இருந்தது. என்மேல் இருந்த பிரியத்தில் என் முகத்தை அழித்தவனை என்ன சொல்லித் திட்டுவது?

முசே மெதுவாக, "பென்சில்தானே மத்மசேல். டர்பன்டைன்ல பஞ்ச நனைச்சுத் தொடச்சா போயிடும்" என்றார்.

"இப்போ வேணாம்" என்றேன். துடைத்துவிட்டால் சாட்சி போய்விடும். அப்போது எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

பிறகு வியாபாரத்தைப் பேசினேன். கண்டென்சர் மெஷினைத்தான் எடுத்தேன். பென்சிலை மறைக்காத மெஷின் வீட்டில் இருந்தால் பென்சில் எடுக்கிற கை தானாக நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. அதில் மஞ்சள், நீலக் கண்ணாடிகளைச் செருக விளக்குக்குப் பக்கத்திலேயே ஒரு இழுப்பறை இருந்தது. பால் கண்ணாடி மெஷினில் லென்சுக்கு அடியில் தொங்கவிட வேண்டும். மாற்றும்போது கை பட்டு மெஷின் ஒரு மயிரிழை அசைந்தாலும் படத்தில் மூக்கு இரண்டாகும்.

பணத்துக்கு என் கல்யாண வளையல் போயிற்று. கல்யாணம் இல்லாத கல்யாண வளையல் எதற்கு என்று நானே கழற்றிக் கொடுத்தேன். அண்ணன் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

திரும்பும்போது வண்டியில் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வில்லியனூர் வரைக்கும் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கூறைப் புடவை விளக்கு

மெஷின் வந்ததுமே எல்லாம் சுகமாகிவிடவில்லை. முதலில் அது என் மானத்தை வாங்கியது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ரைஸ் மில். அது ஓடத் தொடங்கினால் ஊர் விளக்கெல்லாம் சோகை பிடித்தது மாதிரி மஞ்சளாகும். மெஷின் விளக்கும் அப்படித்தான். படம் சோற்றுக் கஞ்சி மாதிரி வரும். ஆகவே மில் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு வேலை நாள் என்றாயிற்று. மாதா கோயில் மணி அடித்ததும் நான் இருட்டறைக்குள் போவேன். அவரவருக்கு அவரவர் பூசை.

அப்படியும் படங்கள் மங்கின. வெள்ளைப் புடவை எல்லாம் சாம்பல் தண்ணீரில் முக்கியது போல வந்தது. தாள் கெட்டுப்போனது என்றான் அண்ணன். மெஷின் சரியில்லை என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

யோசித்துப் பார்த்தேன். இருட்டறையில் நாங்கள் வேலை செய்ய ஒரு சின்ன விளக்கு உண்டு. அதற்கு அண்ணன் மஞ்சள் துணி சுற்றியிருந்தான். தொழில் ஆரம்பித்த அன்று சாமி படத்துக்குச் சாத்தின துணி. மஞ்சள்தான் மங்களம் என்பான். பழைய தாள் அந்த வெளிச்சத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் புதுத் தாள் மஞ்சள் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தில்தானே படம் பதிகிறது? மஞ்சள் துணி வழியாக வருவதை மட்டும் அது எப்படி விட்டுவிடும்? மெஷினில் வைப்பதற்கு முன்பே தாள் எங்கள் மங்களத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

"செவப்பு வேணும்ணே. நல்ல அரக்குச் செவப்பு. நாலு மடிப்பு."

"கடத்தெருல பாத்துட்டு வரேன்."

"வூட்டுலயே கீது."

அம்மா சாவதற்கு முன் என் கூறைக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. எடுத்து ஓரத்தைப் பல்லால் கடித்து, கிழித்தேன். பட்டு கிழிகிற சத்தம் ஒரு மாதிரியானது. அண்ணன் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டான். நான் பொத்தவில்லை. எட்டு வருஷமோ பத்து வருஷமோ பெட்டிக்குள் கிடந்த துணிக்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

அதற்கப்புறம் வெள்ளை வெள்ளையாக வந்தது.

ஏம்பலத்து அட்டிகை

அந்தச் சமயத்தில்தான் ஏம்பலத்திலிருந்து வேதவல்லி அம்மாள் வந்தார். கரும்பும் நெல்லும் வைத்திருக்கும் குடும்பம். மகள் கோமளத்தைக் கூட்டி வந்திருந்தார். சைகோனில் கணக்கு வேலை பார்க்கும் தணிகாசலம் என்ற பிள்ளைக்கு அனுப்பப் படம் வேண்டும்.

கோமளத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. என் கறுப்பு.

அண்ணன் படம் எடுத்து முடித்தான். வேதவல்லி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னாம்மா ரங்கம், உனுக்குத் தெரியாதது இல்ல. கொஞ்சம் நெறமா போட்டுக் குடுத்துரு."

"நெறமாத்தான் இருக்குது பொண்ணு" என்றேன்.

"வெளையாடாத. ஒனக்கு நடந்தது எங்க பொண்ணுக்கு நடக்கக் கூடாதுன்னுதான் சொல்றன்."

"எனக்கு நடந்தது நெறமா போட்டதாலதான் நடந்துச்சு."

அந்த அம்மாளுக்கு முகம் சிறுத்துவிட்டது. அண்ணன் ஓடி வந்து, "செஞ்சுடலாம், செஞ்சுடலாம்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினான். படியில் இறங்கும்போது கோமளம் மட்டும் திரும்பி வந்தாள். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "அக்கா, அவரு இங்க வந்து நின்னு மூஞ்சியச் சுளிக்கறதுக்கு அங்கயே சுளிச்சிடட்டும். என்னய நானா போடுங்க" என்றாள்.

அன்று அண்ணனுக்கும் எனக்கும் பெரிய சண்டை. இந்தச் சம்பந்தம் முறிந்தால் ஏம்பலம், பாகூர் எங்கும் நம் பெயர் கெடும், பிறகு ஒருத்தரும் பெண்ணை அழைத்துக்கொண்டு நம் படி ஏற மாட்டார்கள் என்றான். அது நிஜம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. படம் சைகோன் போய், "வேணாம்" என்று பதில் வந்தால் கோமளத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான் ஆனதுதான் ஆகும். அப்போது சொல்தாவும் குற்றவாளி இல்லை, பென்சிலும் இல்லை. நான்தான்.

ஆனாலும் இருட்டறைக்குள் போனேன்.

முதலில் நீலக் கண்ணாடி. புடவையை அட்டையால் மறைத்துக்கொண்டு முகத்துக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்தேன். பிறகு மஞ்சள். இப்போது முகத்தை மறைத்துக்கொண்டு புடவைக்கு. மறைக்கிற அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்தில் கோடு விழும்.

தாளைத் தொட்டி மருந்தில் போட்டேன். சிவப்பு வெளிச்சத்தில் கோமளம் மெல்ல எழுந்து வந்தாள். கறுப்பு. ஆனால் கரிக்கட்டி இல்லை. கன்னத்தின் எண்ணெய் மினுப்பு, மேலுதட்டில் பூனை மயிர், புருவத்துக்கு அடியில் கண் எங்கே தொடங்குகிறது என்பது வரைக்கும் இருந்தது. புடவையில் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அப்படி ஒரு கறுத்த முகத்தைப் படத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

வேதவல்லி படம் வாங்க வந்தபோது அண்ணன் கடையில் இல்லை. வேண்டுமென்றேதான் வெளியே போயிருந்தான். நான் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

அந்த அம்மாள் படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, அட்டிகைல கல்லு ஒண்ணு ஒண்ணா தெரியுதே."

"தெரியும்."

"பெரியவளுக்கு டவுன்ல எடுத்தப்போ ஒரு கல்லும் தெரியல. எல்லாம் வெள்ளையாப் போய், கவரிங்கானு சம்பந்தி கேட்டாங்க." விரலால் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "மூக்குத்தி பேசரி தெரியுது. ஜடபில்ல நுனி தெரியுது. இதயே அனுப்பிடலாம்."

நான் மகள் முகத்துக்காக உயிரைக் கொடுத்தேன். அம்மாள் அட்டிகைக்காக ஒத்துக்கொண்டார். எப்படியோ படம் கப்பல் ஏறியது.

சைகோன் மாப்பிள்ளை

பதில் வருவதற்குள் நான் இளைத்துப் போனேன். வாசலில் யார் வண்டி நின்றாலும் ஏம்பலத்து வண்டியோ என்று எட்டிப் பார்ப்பேன். கடைசியில் வேதவல்லியே வந்து, பிள்ளைக்குச் சம்மதம், தன் படத்தையும் அனுப்பியிருக்கிறான் என்று காட்டினார். கோட்டு, டை, வழித்து வாரிய தலை. முகம் மைதா மாவு. பொறாமை வரும்படியான வெள்ளை.

இவ்வளவு வெளுத்தவன் எதிரில் வந்து நின்று என்ன சொல்லப் போகிறானோ?

அவர் வந்து இறங்கியதும் நிச்சயத்துக்குப் படம் எடுக்க எங்களையும் ஏம்பலத்துக்கு அழைத்தார்கள். கூடம் நிறைய ஜனம். அண்ணன் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தான். நான் தூண் ஓரம் நின்றேன். உண்மையைச் சொன்னால், தப்பி ஓட வழி பார்த்துத்தான் அங்கே நின்றேன்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். பெரியம்மாவோடு வந்தார். மாப்பிள்ளை என்னையும் கோமளத்தையும்விட ஒரு பிடி அதிகக் கறுப்பு.

கோமளம் தாம்பாளத்தோடு வந்தாள். தட்டை வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. இடுப்பிலிருந்து அந்த மைதா மாவுப் படத்தை எடுத்தாள். படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், திரும்பவும் படத்தைப் பார்த்தாள்.

"இது இவரு இல்லியே" என்றாள்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. என் தலையில் விழுந்த அதே சொல். இப்போது திரும்பி நின்றது.

"ஆம்பளைக்கு இன்னாடி நெறம் பாக்கறது" என்றார் மாப்பிள்ளையின் பெரியம்மா.

"நெறம் பாக்கல. ஆளு யாருன்னு பாக்கறன்."

மாப்பிள்ளை கை நீட்டி அந்தப் படத்தை வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். "நானும் இவர இதுவரிக்கும் பாத்தது இல்ல" என்றார்.

முதலில் சிரித்தது கோமளம்தான். பிறகு கூடமே சிரித்தது. மாப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து கோமளத்தின் படத்தை எடுத்தார். மூலை மடங்கிப் போயிருந்தது. "இத எடுத்தது யாரு?" என்று கேட்டார். அண்ணன் என்னைக் கை காட்டினான். "அப்போ எனக்கும் அவங்களே போடட்டும்" என்றார்.

எடுத்தோம். பெரியம்மா மட்டும் படம் வாங்க வந்தபோது விடவில்லை. "ரெண்டு பேருக்கும் கொஞ்சம் நெறம் குடுத்திருக்கலாம் இல்ல?" என்றார்.

"குடுத்திருக்கன் பெரிம்மா. அவங்கவங்க நெறம்" என்றேன்.

ஆணியில் ஒரு படம்

ஏம்பலத்திலிருந்து திரும்பின அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மில் மூடியிருந்தது. நான் இருட்டறைக்குள் போனபோது அண்ணன் எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தான். எதிரில் டர்பன்டைன், பஞ்சு, என் பிளேட்.

"நானே தொடைக்கிறன்" என்றான். "போட்டது நான்தானே."

வட்டம் வட்டமாக, கண்ணாடிக்கு வலிக்குமோ என்பது போலத் துடைத்தான். ஒவ்வொரு கமாவாகப் பஞ்சில் வந்தது. பஞ்சு கறுத்தது. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். டர்பன்டைன் நெடி என்று நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன். அவனை மன்னித்தேனா என்று கேட்டால், அன்றைக்கு இல்லை. ஆனால் அவனோடு பழையபடி பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

படத்தை நானே போட்டேன். முதலில் நீலம், பிறகு மஞ்சள். கூறைப் பட்டின் சிவப்பில் பத்தொன்பதோ இருபதோ வயதில் நான் தண்ணீருக்கடியிலிருந்து என்னைப் பார்த்தேன். நல்ல கறுப்பு. அழகாகத்தான் இருந்தேன். ஒருத்தரும் சொன்னதில்லை, ஆகையால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோ வாசலில் மாதிரிக்கென்று டவுனிலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் படம் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் என் படத்தை மாட்டினேன். "வேவாரம்..." என்று ஆரம்பித்த அண்ணன், பாதியில் நிறுத்திவிட்டு, சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்தவர் கரும்பு வண்டிக்காரர் ஒருத்தர். படம் எடுக்க வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார். நான் வாளியோடு வெளியே வந்தேன். அவர் ஆணியில் இருந்த படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"இன்னாம்மா, அப்படியே நீயாவே கீற" என்றார்.

"பின்ன வேற யாரா இருப்பேன்?" என்றேன்.